பட்டு வலைக்குள் கோழிகள்

கொக்கேரி நாட்டில் காய்ச்சல் வரப்போவது முதலில் கோழிகளுக்குத்தான் தெரியும். சுகாதாரத் துறை அவற்றை ஏரிக்கரைக் கூண்டுகளில் வளர்த்தது. கொசு கடித்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது; மூளைக்காய்ச்சல் கிருமியின் தடம் மட்டும் ரத்தத்தில் விழும். தடம் தெரிந்தால் தடுப்பூசிக் கிடங்கைத் திறக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு மழைக்காலத்தில் ஆய்வாளர் தில்லைவாணி தடத்தைக் கண்டாள். நாடோ ‘நோயற்ற நாடு’ விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது.

“விழா நேரத்துல எந்தக் கோழிம்மா இப்படிப் பேசுது?” என்றார் அமைச்சர் பரிபூரணம்.

“பேசலைங்க ஐயா, ரத்தம் காட்டுது.”

“ஏரிக்கரைச் சகவாசம் சரியில்ல. தடம் விழுந்ததை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் அரண்மனைக்குக் கொண்டாங்க.”

இனி அரண்மனைக் கோழியின் ரத்தமே செல்லுபடியாகும் என்று ஆணை பிறந்தது. மன்னர் இளகிய மனசுக்காரர். “பாவம், கொசு கடிச்சா அதுங்களுக்கு வலிக்காதா?” என்று பட்டுக் கொசுவலை கட்டச் சொன்னார். ரத்தம் பளிங்காக வந்தது. கோழிகளே நலமாயிருக்கும்போது காய்ச்சல் என்று படுப்பது ராஜதுரோகம் என்று அடுத்த ஆணை வந்தது.

ஏரிக்கரையில் படகோட்டி சிலம்பாயி தில்லைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியவளுக்கு வந்திருச்சு தாயி. சின்னவனுக்காவது ஊசி போட்டுருங்க.”

ஆய்வகத் தோழர் இஸ்மாயில் முணுமுணுத்தார். “அரண்மனைக் கோழிக்கும் தடம் இருக்குன்னு எழுதிடுங்க மேடம். யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேனே இஸ்மாயில். இன்னிக்குப் பொய் எழுதினா, நாளைக்கு நெசத்தை யாரு நம்புவா?”

அவள் பட்டு வலைக்குள்ளிருந்த ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு மன்னரிடம் போனாள். “மன்னா, இந்தப் பெட்டைக்குத் தாய்வீட்டு ஏக்கம்.”

மன்னர் கண்கலங்கிவிட்டார். காலுக்கு வெள்ளி வளையம் பூட்டி, சீர்வரிசையோடு கோழியை ஏரிக்கரைக்கு அனுப்பினார். முதல் கொசு உட்கார்ந்தபோது தில்லைவாணி கோழியின் கழுத்தை வருடினாள். “மன்னிச்சுக்கடி.”

சில வாரம் கழித்துக் கோழி அரண்மனை திரும்பியது. ரத்தத்தில் தடம் தெளிவாக இருந்தது. அரண்மனைக் கோழியாயிற்றே, அமைச்சர் எழுதிய சட்டமே கிடங்கைத் திறந்தது. சிலம்பாயியின் மகள் தட்டுத்தடுமாறிப் பிழைத்தாள். சின்னவன் ஊசிக்கு ஊரே அதிர அழுதான். காய்ச்சல் அவன் பக்கம் வரவில்லை.

அவை கூடியது. நாட்டின் பெயரைக் கெடுத்த கோழிகளும் தில்லைவாணியும் ஏரிக்கரைக்கு நாடு கடத்தப்படுவதாக அமைச்சர் தீர்ப்பு வாசித்தார். பட்டு வலைக்குள் இனி கிளிகள் நியமிக்கப்படும். அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை, கேட்டாலே நலம் என்று சொல்லிவிடும்.

தில்லைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்துவிட்டால் தண்டனையை மாற்றிவிடுவார்களோ என்ற பயம்.