ஊசி போச்சு

"எல்லம்மா, பதறாம நான் சொல்றதைக் கேளு. ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல பச்சை மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்கா?"

பதறாமல் கேட்கச் சொன்ன ஸ்ரீரங்கன்தான் பதறிக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் அவர் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசின் மாடிப்படியில், போனைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று பேசினார். அவர் வீடு இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்தில் காலையிலேயே டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். சாயங்காலம்வரை கரண்ட் வராதாம். காலனி வாட்ஸ்அப் குழுவில் அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"கீது சார். உங்க பாவக்கா ஜூஸ் டப்பாதானே?" என்றாள் வீட்டு வேலை செய்யும் எல்லம்மா.

"அதேதான். அதுல ஊசி..."

மேனேஜர் படியேறி வந்தார். ஸ்ரீரங்கனின் குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"இன்னா சார்? கேக்கல. ஊசிப்போச்சா?"

"போகக் கூடாதேன்னுதான் பயப்படறேன்! இந்த வெயில்ல, கரண்டும் இல்லாம, ஊசி போச்சுன்னா அவ்வளவுதான். என் மானமே போயிடும்."

"ஐய, இதுக்குப் போயி ஏன் சார் பேஜாராவுறீங்க? நான் பாத்துக்கறேன், வைங்க."

வைத்துவிட்டாள். டப்பாவைச் சுற்றி ஐஸ்கட்டி போடு என்று சொல்ல வாயெடுத்தவர், சரி, கெட்டிக்காரி, புரிந்திருக்கும் என்று சீட்டுக்குப் போனார். அவள் கெட்டிக்காரிதான். புரிந்துகொண்டதுதான் வேறு.

யாரும் தொடக் கூடாதென்று பாகற்காய் ஜூஸ் எனச் சொல்லி வைத்திருந்த அந்த டப்பாவில் ஜூஸும் இல்லை, பாகற்காயும் இல்லை. பேனா மாதிரி இருக்கும் ஓர் ஊசி இருந்தது. வாரம் ஒரு தடவை வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டிய, உடம்பு இளைக்கிற ஊசி. சர்க்கரை எல்லையைத் தொடுகிறது, எடை எல்லையைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் முறையாக எழுதிக் கொடுத்ததுதான். திருட்டுச் சரக்கு இல்லை. ஆனால் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்த அந்த நிமிஷம்தானா மனைவி அபிதகுஜாம்பாள் போனில் அத்தை பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?

"தின்னறதையெல்லாம் தின்னுட்டு ஊசி போட்டுண்டு இளைக்கறாளாம்! வெட்கக்கேடு!"

சட்டைப்பை அப்படியே கனத்துப்போயிற்று. சீட்டு வெளியே வரவேயில்லை.

மருந்துக் கடையும் காலனிக்காரர்கள் வராத கடையாகப் பார்த்துத் தாம்பரத்தில் பிடித்தார். அங்கே கெசியா என்ற பெண் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். "எண்ணெய்ப் பலகாரம் ஆகாது சார், குமட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டா வாந்தி வரும். இப்போ பேனாவை எப்படிப் போடணும்னு காட்டறேன்..." அதற்குள் எதிர் பிளாட்பாரத்தில் காலனி ஆள் ஒருவரின் தலை தெரிந்தது. "தெரியும்மா, எல்லாம் தெரியும்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

மருந்து என்னமாய் வேலை செய்தது! பஜ்ஜி வாசனை பட்டாலே அவருக்குக் குமட்டியது. மூன்றாவது இட்லியைப் பார்த்தால் வாந்தி வரப்போகிறது என்று பயம் வந்தது. ஊசி என்றாலே சின்ன வயதிலிருந்து நடுக்கம் என்பதால் குளியலறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெருமாளே என்று ஒரே குத்து, ஒரே அமுக்கு. அடுத்த ஒரு வாரத்துக்குச் சோற்றைக் கண்டாலே பகைதான்.

ஆனால் இளைக்கிறதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே? நடக்கிறேன் என்றார். சொன்ன பாவத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று. விடிகாலையில் எழுந்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று கேம்ப் ரோடுவரை விறுவிறுவென்று போய்த் திரும்புவார். மழையானாலும் போவார், பண்டிகையானாலும் போவார். பொய் சொல்கிறவனுக்கு லீவு ஏது? தொப்பை கரைந்தது. பேண்ட் தொளதொளத்தது. காலனி நடைப்பயிற்சிக் குழுவின் தலைவர் துளசிங்கம் பூரித்துப்போய், இன்று சாயங்காலம் அவருக்குப் பாராட்டு விழாவே ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்த நாளாகப் பார்த்துத்தான் கரண்ட் போயிருந்தது. மனசு கேட்காமல் மறுபடி எல்லம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஐஸ் வெச்சியா எல்லம்மா?"

"ஐஸா? ஊசிப்போனதுக்கு ஐஸ் வெச்சா நல்லாப் பூடுமா சார்? அல்லாத்தியும் வழிச்சு எட்த்து குப்பை வண்டில குட்த்துட்டேன். சாம்பாரு, ரசம், வடைக்கு அரைச்ச மாவு, உங்க ஜூஸு. அத்தத் தொறக்கவே இல்ல சார். கப்பு அடிக்கும்னு மூடியோடவே போட்டுட்டேன்."

ஸ்ரீரங்கன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வடை மாவு விழாவுக்கு வருகிறவர்களுக்காக அபிதகுஜாம்பாள் காலையில் அரைத்து வைத்துவிட்டு, பம்மலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அது வேறா! ஆனால் மாவு போனால் போகட்டும். எவனாவது அந்த டப்பாவைத் திறந்து பார்த்தால்? டப்பாவின் அடியில் 'ஸ்ரீரங்கன், ராஜகீழ்ப்பாக்கம்' என்று பெயர் வெட்டியிருந்தது. பாத்திரம் காணாமல் போய்விடும் என்று எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வைக்கிற குடும்பம்.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை விரட்டினார். காலனி வாசலில் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்த வழியில் ஸ்கூட்டர் போகாது, சுற்றிப் போக நேரமில்லை. தெருக்கோடியில் குப்பை வண்டி ஒலிபெருக்கியில் குப்பையைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டே திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கன் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். உச்சி வெயிலில், ஆபீஸ் பேண்டும் ஷூவுமாக, "நிறுத்துப்பா! நிறுத்துப்பா!" என்று ஓடினார்.

சொந்தக் காம்ப்ளெக்ஸ் வாசலில் நின்றிருந்த துளசிங்கம் இதைப் பார்த்தார். அவர் தாத்தா காலத்தில் இந்தக் காலனி முழுக்க அவர்கள் வயல். இப்போது வாடகை வாங்குவதும் நடைப்பயிற்சிக் குழு நடத்துவதும்தான் தொழில். ஆள் ஒரு பீரோ அளவு இருப்பார். மனசு அதைவிடப் பெரிசு.

"பாருங்கப்பா, ஆபீஸ் நேரத்துலகூட ஓடறாரு மன்சன்!" என்று வீடியோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். பம்மலிலிருந்து அபிதகுஜாம்பாள் அதற்கு இதயம் போட்டாள்.

வண்டிக்காரர் நல்ல மனிதர். தேடி எடுத்துக் கொடுத்தார். டப்பா முழுக்க வடை மாவு அப்பியிருந்தது. உள்ளே பேனா பத்திரமாக இருந்தது. ஆனால் வெயிலில் சூடேறியிருந்தது. மூடிய கையோடு நிமிர்ந்தால், எதிரே துளசிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா சார் அது?"

"பா... பாவக்கா ஜூஸ்."

"குப்பைக்குப் போன ஜூஸக்கூட வுடமாட்டீங்களா? அதான் சார் கட்டுப்பாடு!" துளசிங்கத்தின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கட்டியது. "உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? விழாவுல சொல்லலாம்னு வெச்சிருந்தேன். சுகர் மாத்திரைய வுட்டுட்டேன் சார். ஒரு ஊசி இல்ல, ஒரு மாத்திரை இல்ல, ஸ்ரீரங்கன் சார் நடந்தே இளைச்சாரு. நமக்கு மட்டும் மாத்திரை இன்னாத்துக்கு?"

ஸ்ரீரங்கனுக்கு வெயில் சட்டென்று அணைந்த மாதிரி இருந்தது. "ஐயையோ துளசிங்கம், டாக்டரைக் கேக்காம விடப்படாது!"

"உங்களுக்குத் தன்னடக்கம் சார்."

"தன்னடக்கம் இல்லைய்யா, எனக்கு... இந்த ஊசி..."

"ஊசிப்போன ஜூஸுதானே, அத்தத் தூக்கிப் போடுங்க சார். ஃப்ரெஷ்ஷா நானே போட்டுத் தரேன்." அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இன்னொன்றைத் திறந்தார். "காலைலேர்ந்து ஒரே தாகம். நம்ம குரூப்ல இன்னும் கொஞ்சப் பேரு மாத்திரைய நிறுத்தறேன்னுக்கீறாங்க. அல்லாம் உங்க புண்ணியம்."

புண்ணியமா! மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் இப்போது ஒரு மனுஷனின் உடம்பில் கை வைத்துவிட்டது. ஸ்ரீரங்கனுக்கு அன்று மத்தியானம் நிஜமாகவே வயிறு வலித்தது.

விழா ஸ்ரீரங்கனின் அபார்ட்மென்டின் கார் நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நடந்தது. வடை மாவு குப்பைக்குப் போய்விட்டதால், அபிதகுஜாம்பாள் எல்லம்மாவை வைதுகொண்டே கடையிலிருந்து பஜ்ஜி வரவழைத்திருந்தாள். இளைத்தவருக்குப் பாராட்டு விழா, வந்தவர்கள் கையிலெல்லாம் எண்ணெய் சொட்டச் சொட்ட மிளகாய் பஜ்ஜி. துளசிங்கம் சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். முதல் வரிசையில் அபிதகுஜாம்பாள், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பெருமையாக உட்கார்ந்ததில்லை.

ஸ்ரீரங்கன் அவளைப் பார்த்தார். துளசிங்கத்தின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் நடந்து இளைக்கலை. ஊசி போட்டுண்டு இளைச்சேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி. அதைச் சொல்ல வெட்கப்பட்டுண்டு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். தயவுசெஞ்சு யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்கோ. துளசிங்கம், நீங்க இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்கோ."

பின்னால் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த எல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அய்ய! அந்த ஊசியா சார்?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். துளசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, பொன்னாடையைத் தோளிலிருந்து உருவி, அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரையே நம்ப வெச்சிட்டியேய்யா. இன்னிக்காவது சொன்னியே" என்றார். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் திட்டியது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. கூட்டம் கலைவதற்குள் வீட்டிலிருந்து மாத்திரை வந்துவிட்டது.

அபிதகுஜாம்பாள் விறுவிறுவென்று படியேறினாள். கதவைத் திறந்ததும் அழுதாள்.

"எங்கிட்டகூடச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"நீதானே வெட்கக்கேடுன்னே."

"அது அத்தை பொண்ணு மேல இருக்கற கடுப்பு! அவ உடம்பா, உங்க உடம்பா? டாக்டர் சொன்னா போட்டுக்க வேண்டியதுதானே. இத்தனை நாள் தனியாக் குளியலறையில நின்னுண்டு குத்திண்டிருந்தேளா? அசடு, அசடு!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மருந்து வெயில்ல கெட்டுப்போச்சான்னு கேக்க வேண்டாமா? கிளம்புங்கோ, நானும் வரேன்."

ஸ்கூட்டரில் இருவரும் தாம்பரம் மருந்துக் கடைக்குப் போனார்கள். பின்னாலேயே துளசிங்கத்தின் கார் வந்தது. "எனக்கும் அந்த ஊசி தோதுப்படுமான்னு விசாரிக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கோபம் அதற்குள் பாதி வற்றிவிட்டிருந்தது.

கெசியா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இது வெயில்ல கிடந்துருக்கு சார், வேண்டாம். டாக்டரைக் கேட்டு வேற வாங்கிக்குங்க. ஆமா, பழைய பேனாவெல்லாம் என்ன பண்ணீங்க? வீட்டுக் குப்பைல போடலையே?"

இந்த ஒரு கேள்விக்காவது பெருமையாகப் பதில் சொல்ல முடிந்ததே என்று ஸ்ரீரங்கன் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். மழைக்கோட்டுக்கு அடியில் பழந்துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். நாலு வாரத்துக்கு ஒரு பேனா என்ற கணக்கில் மாதம் முடிய முடிய, தீர்ந்தது என்று அப்படியே சுற்றி வைத்த பேனாக்கள். கொண்டுவந்து மேஜையில் பரப்பினார்.

கெசியா ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவள் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"சார், இதுல பின்னாடி இருக்கற குமிழைத் திருப்பி, டோஸ் வெச்சுட்டு அப்புறம்தானே அமுக்கினீங்க?"

"திருப்பணுமா?" என்றார் ஸ்ரீரங்கன்.

கெசியா பேனாவை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொளதொளத்த பேண்டைப் பார்த்தாள்.

"எல்லாமே ஃபுல்லா இருக்கு சார். உங்க உடம்புக்குள்ள வெறும் ஊசிதான் போயிருக்கு, மருந்து ஒரு சொட்டுகூடப் போகல. அப்புறம் எப்படி இவ்ளோ இளைச்சீங்க... வாக்கிங் ஏதாவது போறீங்களா?"