உளவாளியும் சிவப்புச் சட்டையும்

இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுவதில்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் கோயில் கேரல் குழு ஈப்போவில் ஒவ்வொரு தாமான் குடியிருப்பாகப் போய்ப் பாடும்போது, தலையணை கட்டாமலே பொருந்துகிற தொப்பை எனக்குத்தான் இருக்கிறதாம். போன வருஷம் பஞ்சுத் தாடியோடு ஒரு நாய்க்கு முன்னால் ஓடினேன். குழு பாட்டை நிறுத்தாமல் பாடியது.

மனைவி ஐவியிடம் சொன்னேன். அவள் சினிமாவுக்குத் தாவினாள்.

"நீங்க தூக்கி வச்சுப் பேசுற அந்த உளவாளி நாவல் படமா வந்திருக்காம். போலாமா?"

"முதல் தரமான கதை!" என்றேன். நாற்பது பக்கம் படித்தவனுக்கு அவ்வளவு தைரியம்.

"படம் நல்லா இருந்தா வேஷம் வேணாம். அறுவையா இருந்தா போடணும். நல்லதா அறுவையான்னு நீங்களே சொல்லுங்கலா."

தீர்ப்பு என் கையிலா! உடனே தலையாட்டினேன்.

ஆயர் தாவார் ஊரிலிருந்து வந்திருந்த சகலை கோலினும் சேர்ந்துகொண்டான். படத்தில் உளவாளி ஜன்னலோரம் நின்றார். டீ கலக்கினார். இன்னும் கலக்கினார். துப்பாக்கி எடுப்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

கோலின் என் தோளை உலுக்கினான். "மத்தியாஸண்ணே, உங்க குறட்டையில வசனமே கேக்கல."

முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதில் எங்கள் பாடகர் குழு ஜெனட் அக்காவும் இருந்தார். இருட்டிலும் என் முகம் சுட்டது.

வெளியே வந்ததும் ஐவி கேட்டாள். "எப்படி?"

"பிரமாதம்!"

"தூங்கினீங்களே?"

"கண்ணை மூடி ரசிச்சேன்."

சகலை தரையைப் பார்த்தான். எனக்கே என்மேல் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தாடியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள் ஐவி. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கேரல் குழு மொத்தமும் இந்தப் படத்துக்கு வாராங்க. நாவல் படிச்ச ஆளு, பக்கத்துல உக்காந்து விளக்குவாருன்னு சொல்லிட்டேன்."

"மறுபடியுமா? முழுசாவா?"

"முழுசாத்தான்லா."

அந்த டீ கண்முன்னால் சுழன்றது. விளக்க வேறு வேண்டுமாம். எனக்கு எது விளங்கியது?

"ஐவி... அறுவைதான்."

"என்னங்க? கேக்கல."

"அறுவை! படு அறுவை!"

டிக்கெட் வரிசையில் நின்றவர்களில் ரெண்டு பேர் விலகிப் போனார்கள். ஜெனட் அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

காரில் ஏறியதும் மெதுவாகக் கேட்டேன். "பாவம், ஞாயித்துக்கிழமை குழு ஏமாந்து போகுமே?"

"யாரு இந்த அறுவைக்கு வரப் போறா?" என்றாள் ஐவி. "அவங்களுக்குச் சொல்லவே இல்ல. தாத்தா சட்டையைத்தான் நேத்தே உங்க வயித்துக்குப் பிரிச்சுத் தச்சு வச்சிட்டேன்."