மஞ்சள் மேட்டுக் காடு

நெடுநாடு என்று ஒரு நாடு. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களுக்குத் தெரிந்த இடமாகப் போய்விடும், அப்புறம் எனக்கு எதற்கு வம்பு? அந்த நாட்டில் ஒரு பழக்கம். அரசு ஆள் யார் எதிரே வந்தாலும் குடிகள் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். அவர் கடந்து போகும்வரை நிமிரக் கூடாது. ஆண்டுக்கொரு முறை சம்மத நாள் வரும். மன்னர் மண்டபத்தில் அமர்ந்து, “என் ஆட்சி தொடரலாமா?” என்று கேட்பார். குனிந்தால் சம்மதம், நிமிர்ந்து நின்றால் மறுப்பு. மன்னரைக் கண்டதுமே தானாகக் குனிந்துவிடும் ஜனங்கள் என்பதால் மறுப்பு என்ற பேச்சே எழுந்ததில்லை. மிக நியாயமான முறை என்று அயல்நாட்டுத் தூதர்களும் மெச்சினார்கள்.

ஒரு கோடையில் மன்னர் காற்று வாங்கக் கோபுரம் ஏறினார். தூரத்து மேட்டு நிலம் கண்ணில் பட்டது.

“அங்கே என்ன, மஞ்சளாக?”

கூட நின்றவர் பசுமைத் துறை அமைச்சர் தளிர்க்கோ. அது புல்வெளி, கோடையில் காயும், ஒரு மழை விழுந்தால் பச்சையாகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பிறந்ததே அந்த மேட்டின் அடிவாரத்தில்தான் என்று எங்கள் தெருவில் பேச்சு. ஆனால் மன்னரின் கேள்விக்கு ‘இது கோடைக்காலம்’ என்று பதில் சொல்லிவிட்டுப் பதவியில் நீடித்தவர் யாரும் இல்லை.

“காலி நிலம், மன்னா. அங்கே ஒன்றும் இல்லை.”

“ஒன்றும் இல்லாததை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? மரம் நடுங்கள்.”

மறுநாளே சட்டம் வந்தது. அமைச்சரின் தோள் உயரத்துக்கு ஒரு கோல் செய்து, அதைப் பிடித்து அளக்க ஒரு கோல்காரரையும் வைத்தார்கள். கோலுக்கு மேலே எட்டுவது மரம், எட்டாதது இல்லாதது. அப்படியானால் நடப்போகும் கன்றுகள்? அதற்கும் வழி இருந்தது. கன்றுகளுக்கு மட்டும் வருங்கால உயரம் கணக்கில் கொள்ளப்படும்.

மேட்டில் வெள்ளச்சி என்று ஒருத்தி, செம்மறி மேய்ப்பவள். அவள் பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊற்று. மழையையும் பனியையும் புல்வேர்கள் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதால் அது கோடையிலும் ஓடிற்று. தலைநகர் குடித்ததும் அந்தத் தண்ணீரைத்தான். குழி தோண்ட ஆட்கள் வந்ததும் வெள்ளச்சி முறைப்படி குனிந்துகொண்டே கோல்காரரிடம் சொன்னாள்.

“எசமான், புல்லைப் பேத்தா ஊத்துக்கண்ணு செத்துரும்.”

“எந்தப் புல்? சட்டப்படி இங்கே புல்லே கிடையாதும்மா.”

“இல்லாததத்தான் எசமான் இத்தனை நாளா என் ஆடு தின்னுட்டிருக்கு.”

“அப்படியா? உன் ஆடு இத்தனை நாளும் பட்டினி என்று எழுதிக்கொள்கிறேன்.”

குழிகள் வந்தன, கன்றுகள் வந்தன. ஆடுகள் கன்றைக் கடிக்கும் என்று மேய்ச்சல் தடை வந்தது. தரையில் முட்டையிடும் வானம்பாடிகளும் காடைகளும் எங்கேயோ போய்விட்டன. மேட்டில் பறவைச் சத்தமே இல்லை, காடு வளர்வதற்கான அமைதி நிலவுகிறது என்று அரண்மனைச் செய்தி சொன்னது. புல் பெயர்ந்த இடமெல்லாம் மண் கரைந்தது, ஊற்று மெலிந்தது. உடனே அடுத்த ஆணை: இருக்கும் தண்ணீர் மரங்களுக்கே. மரம் ஒன்றுக்குத் தினம் ஒரு குடம், தொட்டால் சிறை. வெள்ளச்சியின் ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

மேட்டு மக்கள் முறையிட்டார்கள். அமைச்சருக்கு நிஜமாகவே ஆச்சரியம். “காலி நிலத்தில் மக்கள் எப்படி முளைத்தார்கள்? போய் எண்ணிக்கொண்டு வாருங்கள்.”

கோல்காரர் போனார். அரசு ஆளைக் கண்டதும் ஊரே குனிந்தது. குனிந்த முதுகுகளுக்கு மேலே கோலைப் பிடித்துப் பார்த்தார். ஒருவர்கூட எட்டவில்லை. ‘யாரும் இல்லை’ என்று எழுதப் போனவர், வழியில் வெள்ளச்சியைப் பார்த்தார். தலையில் குடம். ஊற்றில் திருட்டுத்தனமாக வழித்தெடுத்த தண்ணீர், மிஞ்சியிருந்த ஒரு தாயாட்டுக்கு.

“ஏய், குனி!”

“குனிஞ்சா கொட்டிப் போயிரும் எசமான். வேணும்னா அப்படியே அளந்துக்குங்க.”

அளந்தார். கோலுக்கு மேலே அவள் தலை, தலைக்கு மேலே குடம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். வேறு வழியில்லை. அவள் கையில் ஓர் எண் சீட்டைக் கட்டி, ‘மரம், ஒன்று’ என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை காவலாளி தண்ணீரோடு வந்து அவள் காலடியில் ஊற்றப் போனான்.

“வேருல வேணாம் தம்பி, குடத்துல ஊத்து,” என்றாள் வெள்ளச்சி.

தாயாடு பிழைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அடுத்த முறை கோல்காரர் வந்தபோது மேடு முழுக்க ஜனங்கள் குடத்தோடு நிமிர்ந்து நின்றார்கள். நட்ட கன்றுகள் அனல் காற்றில் கருகிப்போயிருந்தாலும் மரக்கணக்கு மளமளவென்று ஏறியது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

குடத்தோடு நிமிர்ந்து நின்றால் தண்ணீர் கிடைக்கும் என்ற சேதி தலைநகருக்கு எப்படி வந்தது என்று அமைச்சர் ரொம்ப நாள் விசாரித்தார். நல்லவேளை, எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தலைநகரிலும் அப்போது ஓடை வறண்டு, குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

சம்மத நாள் வந்தது. மண்டபம் நிரம்பிய கூட்டம். எல்லோர் தலையிலும் குடம். மன்னர் அரியணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “என் ஆட்சி தொடரலாமா?”

ஒருவரும் குனியவில்லை. முகம் முகமாகத் தெரிந்தது. குடிகளின் முகத்தை மன்னர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“தளிர்க்கோ, இவர்களெல்லாம் யார்? ஏன் நிற்கிறார்கள்?”

மக்கள் என்றால் அது மறுப்பு. “மக்கள் இல்லை, மன்னா. மரங்கள். தங்கள் ஆட்சியில் நாடே காடாகிவிட்டது.”

“பலே! ஆனால் மரங்களால் சம்மதம் சொல்ல முடியாதே. பிறகு யார்தான் சொல்வது?”

அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் இல்லை. அவரே மேடையேறி இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

கோல்காரர் கடமை தவறாதவர். ஓடிவந்து அமைச்சரின் பக்கத்தில் கோலை நிறுத்தினார். அமைச்சரின் தோள் உயரத்துக்கே செய்த கோல்தான்; குனிந்த முதுகு அதை எட்டவில்லை.

“காலி நிலம்!” என்று கணீரென்று அறிவித்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார். “குழி தோண்டுகிறவர்கள் உள்ளே வரலாம்.”

மண்வெட்டிகள் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று கோலைத் தூக்கிக்கொண்டு மேடையில் அரியணைப் பக்கம் இன்னும் ஓர் அடி நகர்ந்தார். மன்னர் அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தார்.