கண்ணாடிக்காரர் செய்த சிவப்புக் கார்

முதலில் ஒரு விடுகதை.

வயிற்றுக்குள் ராஜா உண்டு, ராணி உண்டு. யானை, குதிரை, சிப்பாய்களும் உண்டு. ஒன்றுக்கும் தீனி போட வேண்டாம். முதுகில் விசிறி உண்டு. ஆனால் யாருடைய வேர்வையும் அதனால் அடங்காது. ஒரு தடவை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். விழிக்க ஏழு நிமிஷம் ஆகும். அது என்ன?

அரண்மனை என்று சொல்லியிருப்பீர்கள். இல்லை. அது கண்ணாடிக்காரர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதனால் தெருவில் அவர் பெயர் கண்ணாடிக்காரர். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அதனால் தெரு முழுக்க அவரை டீச்சர் என்று கூப்பிடும். இவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். அவளை எல்லோரும் வாண்டு என்பார்கள்.

பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்ததும் அந்தக் கம்ப்யூட்டரோடு அரை மணி நேரம் செஸ் ஆடுவார். ஒரே ஒரு முறை ஜெயித்திருக்கிறார். அன்று நடுவில் கரண்ட் போய்விட்டது. அதை அவர் வெற்றியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழுங்காக ஒரு ஆட்டம் ஜெயிக்கிற வரை அதை விட மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் எடுத்திருந்தார்.

இந்த நிலையில்தான் டீச்சர் ஒரு லேப்டாப் வாங்கினார்.

"என்னங்க, அந்த ஜன்னல் ஓரத்து மேஜை வாண்டு படிக்க வேணும். பழைய சாமான் எடுக்கிறவரை வரச் சொல்லி, அந்தப் பெட்டியக் குடுத்துடலாம்."

"எந்தப் பெட்டி?"

"வாங்கும்போது பால் நிறத்துல இருந்து இப்ப டீ நிறத்துக்கு வந்திருக்கே, அந்தப் பெட்டி."

"அதுல நான் செஸ் ஆடறேன்."

"லேப்டாப்லயும் செஸ் இருக்கு."

"அது நேத்து வந்தது. அதுக்கும் எனக்கும் என்ன பகை?"

டீச்சர் மேஜையின் நீளத்தைச் சாணால் அளந்தார். அது பதிலைவிட மோசமாக இருந்தது. கண்ணாடிக்காரருக்கு அந்த நேரத்தில்தான் அந்த யோசனை உதித்தது.

"மேஜை யாருக்கு?"

"வாண்டுக்கு."

"அப்ப வாண்டுவே சொல்லட்டும். இது இருக்கலாமா, போகணுமான்னு. அவ சொன்னா சொன்னதுதான். நீயும் மறுபேச்சு பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். மூணு வாரம் டைம் குடு."

"சரி" என்றார் டீச்சர்.

கல்யாணமான பத்து வருஷத்தில் டீச்சர் ஒரே சொல்லோடு எதையும் முடித்ததில்லை. கண்ணாடிக்காரர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வாண்டுக்குக் கார் என்றால் உயிர். தெருவில் போகிற காரைச் சத்தத்தை வைத்தே இன்ன கார் என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டரைக் காராக்கிவிட்டால் அதைப் போகச் சொல்ல அவளுக்கு மனசு வருமா? வராது. கணக்கு சுத்தமாக இருந்தது.

மறுநாளே வேலை தொடங்கியது. நிமிர்ந்து நின்ற பெட்டியைப் படுக்கப் போட்டார். பால்கனியில் பழைய செய்தித்தாள் விரித்து, உப்புத்தாளால் டீ நிறத்தைத் தேய்த்து எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. பிறகு ரத்தச் சிவப்பில் இரண்டு பூச்சு. கடையில் லென்ஸுக்குப் போடுகிற பாலிஷைக் கொண்டுவந்து மூன்று நாள் மெருகேற்றினார். பெட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆயிற்று. முன் கண்ணாடிக்கு வளைந்த பிளாஸ்டிக் தகடு. முகப்பு விளக்குக்கு இரண்டு சின்ன பல்பு, அவற்றின் மேல் கடையில் மிஞ்சிய இரண்டு லென்ஸ். பின்னால் இருந்த விசிறிதான் சைலன்சர். சத்தத்துக்கு அவர் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அது ஏற்கெனவே லாரி அளவுக்கு இருந்தது.

வேலை நடக்கிற இடத்துக்கு வாண்டுக்கு அனுமதி இல்லை. டீச்சர் மட்டும் காபியோடு வந்து பார்ப்பார்.

"ஒரு விளக்கு பெருசா இருக்கு, ஒண்ணு சிறுசா இருக்கு."

"ஒரு லென்ஸ் தூரப்பார்வைக்கு. ஒண்ணு கிட்டப்பார்வைக்கு. ஜோடி கிடைக்கல."

"ஓட்டறவருக்குக் கண் சரியில்லாமப் பாத்திருக்கேன். காருக்கே சரியில்லாம இப்பதான் பாக்கறேன்."

கண்ணாடிக்காரர் லென்ஸை மாற்றினார். இரண்டு நாள் கழித்து டீச்சர் மறுபடி வந்தார்.

"என்னங்க, இந்தச் சக்கரம் சுத்தலையே?"

"ஒட்டி வெச்சிருக்கு. மேஜை மேல நிக்கறதுக்கு எதுக்கு சுத்தணும்?"

"வாண்டு முதல்ல சக்கரத்தத்தான் தொட்டுப் பாப்பா. சுத்தலைன்னா பொம்மைன்னு சொல்லிடுவா. அப்புறம் உங்க இஷ்டம்."

ஜிப் அறுந்துபோன டிராலிப் பெட்டியிலிருந்து நான்கு சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் விட்டு மாட்டினார் கண்ணாடிக்காரர். விரலால் தட்டினால் பதினாறு சுற்று சுற்றியது. எண்ணிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம்.

"கூரை திறக்காதா?"

"திறக்கணுமா?"

"பெரிய பணக்காரங்க கார்லதான் கூரை திறக்கும். சாதாரணக் கார் போதும்னா விட்டுடுங்க."

அவர் விடவில்லை. அலமாரிக் கீல் இரண்டைப் போட்டு, மேல் தகட்டை ஒரு விரலால் தூக்கித் திறக்கும்படி செய்தார். திறந்தும் மூடியும் பார்த்தார். டீச்சரும் பார்த்தார்.

"நிஜமாவே கார்தான்" என்றார் டீச்சர்.

மனைவி வாயால் பாராட்டு வாங்கிய கணவர் அன்று கடையில் இரண்டு பேருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணி. மேஜை மேல் போர்வை மூடிய ஒரு உருவம். கண்ணாடிக்காரர் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். வாண்டு வந்து நின்றாள். போர்வையை இழுத்தார். விளக்குகளைப் போட்டார்.

வாண்டு வாயைத் திறந்தாள். மூட மறந்தாள். ஒரு சக்கரத்தைத் தொட்டுச் சுழற்றினாள். அது சுற்றி நிற்கும் வரை காத்திருந்தாள்.

"அப்பா, இது நமக்கா?"

"நமக்கேதான். நீ சொல்லு. இது நம்ம வீட்லயே இருக்கலாமா, இல்ல போகணுமா?"

"இருக்கணும்!"

"அம்மாவுக்குக் கேக்கல. இன்னும் சத்தமா."

"இருக்கணும்!"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் 'செக்' சொன்ன ஆள் போலக் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

"நான் ஒத்துக்கறேன். கார் இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"கீழ எறக்குங்கப்பா" என்றாள் வாண்டு.

"மேஜை மேலயே இருக்கட்டும்டா கண்ணு. ஒயர் எல்லாம் மாட்டியிருக்கு."

"மேஜை மேல எந்தக் கார்ப்பா நிக்கும்?"

கண்ணாடிக்காரர் ஐந்து ஒயரைப் பிடுங்கிக் காரைக் கீழே இறக்கினார். வாண்டு இரண்டு கையாலும் தள்ளினாள். அரைத் தப்படி நகர்ந்தது. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினாள். இன்னும் அரைத் தப்படி. கூரையைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது உள்ள?"

"அதுவா... அது என்ஜின்டா."

"என்ஜின் முன்னாடிதானே இருக்கும்? இதுல உட்கார்ற இடத்துல எல்லாம் என்ஜினா இருக்கு. அதான் கனமா இருக்கு. இத எடுத்துடுங்கப்பா."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அங்கே இல்லை. உள்ளே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வாண்டுவின் கரடி பொம்மை. இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அவ சொன்னா சொன்னதுதான்னு யாரு சொன்னது?"

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா?"

"நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. உங்ககிட்டதான் பேசினேன்."

கண்ணாடிக்காரர் தரையில் மண்டி போட்டார். குரலைச் சரி செய்துகொண்டார். கடைசியாக ஒரு நகர்த்தல் பாக்கி இருந்தது.

"வாண்டு, அப்பா சொல்றத நிதானமா கேளு. இதுக்குள்ள இருக்கறது சாதாரணப் பொருள் இல்ல. பதினோரு வருஷத்து மூளை. அப்பாவையே ஆயிரம் தடவை தோக்கடிச்ச மூளை. அம்மா கையில இருக்கறது வெறும் பஞ்சு. ரெண்டுல எது காருக்குள்ள இருக்கணும்னு நல்லா யோசிச்சு, நீயே சொல்லு."

வாண்டு மூளையைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். நல்லா யோசித்தாள்.

கரடியைச் சொன்னாள்.