நடுவில் ஒரு பொய்ப் படம்

இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க மனைவியிடம் சம்மதம் வாங்கியே தீருவது என்று சபதம் போட்டேன். ஒரே ஒரு இடைஞ்சல். என் கார் ரேஸ் கேம் ரெண்டு வாரமாக, காரணமே தெரியாமல், தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு வினாடி என்று திரையில் ஒரு சாதனை வேறு. எப்போது செய்தேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை. ஆனால் ஆபீஸ் நண்பர்களிடம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாயிற்று.

நன்றாக ஓடும்போது எவள் புது கார்டுக்குத் தலையாட்டுவாள்? ஓட்டத்தைக் கெடுக்க செட்டிங்கில் புகுந்தேன். பிரேம் ஜெனரேஷனை அணைத்தேன். பிரேம் லிமிட்டை எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் விசிறி அலறியது. கார் நொண்டியடித்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"பாரு, திக்கித் திக்கிப் போகுது. பழைய கார்டு. பாவம், அதுக்கு முடியல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த பிரேம் ஜெனரேஷன் என்னங்க?"

"ரெண்டு நிஜப் படத்துக்கு நடுவுல கம்ப்யூட்டரே ஒரு பொய்ப் படத்தைச் செஞ்சு சொருகும்."

"நீங்க போன்ல பேசற மாதிரி."

"நக்கலா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இந்த லிமிட்?"

"வினாடிக்கு இத்தனை படம் போதும்னு ஒரு வரம்பு. நான் எடுத்துட்டேன். ஓடற வரைக்கும் ஓடட்டுமே!"

"வினாடிக்கு ஒரு நேரம் நூத்திப்பத்து படம், ஒரு நேரம் எழுபது. ஓட்டமும் நடையுமா போனா யாருக்குத்தான் இரைக்காது? எழுபதுக்குக் கீழ போகலல்ல? பொய்ப் படத்தையும் திரும்பச் சொருகினா பாதி நிஜம், பாதி பொய். ரெண்டும் சேர்த்து நூத்தி முப்பத்தெட்டுல கட்டிப் போடுங்க."

அவளே கட்டினாள். விசிறி அடங்கியது. கார் வெண்ணெய் மாதிரி வளைந்தது. என் புது கார்டு கைநழுவிப் போனது.

"உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?"

"ரெண்டு வாரமா மத்தியானம் நான்தானே ஓட்டறேன்? என் செட்டிங்கை எந்தப் புண்ணியவான் கலைச்சான்னு பாக்கத்தான் வந்தேன்."

"அப்ப... அந்த ஒரு நிமிஷம் நாப்பத்திரண்டு...?"

"இன்னிக்குக் காலையில நீங்க குளிக்கப் போனப்ப அதை ஒரு நிமிஷம் நாப்பதாக்கிட்டேன். ஆபீஸ்ல மாத்திச் சொல்லிடுங்க."