கரடிவணங்கி வேரும் பன்னிரண்டு இருமல்களும்

ஒரு காட்டில், சாவதானாலும் படிவம் நிரப்பிவிட்டுத்தான் சாகவேண்டும் என்ற ஒழுங்கு நிலவிய நாளில், பூவாத்தா என்றொரு சருகுமானுக்கு இருமல் வந்தது. அந்தக் காட்டின் ஒழுங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வரிசையில் நிற்பவரை யாரும் தின்னக்கூடாது. வரிசையை விட்டு விலகினால் அவரவர் பாடு.

சருகுமான் முயலைவிடக் கொஞ்சம் பெரிது. வேகமாக ஓடவராது, கொம்பு கிடையாது. சருகுக்குள் மூச்சுக்காட்டாமல் படுத்துக்கிடப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வீரம். அப்படிப்பட்ட பிராணி இருமினால், 'சிறுத்தையே, இந்தப் புதரில்தான் இருக்கிறேன்' என்று கூவி அழைப்பதாகத்தான் அர்த்தம்.

சோலைக்குள் கரடிவணங்கி என்று ஒரு செடி. அதன் வேரை மென்றால் இருமல் நிற்கும் என்பது மந்திகளின் வாக்கு.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து மெல்லுறோம்," என்றது ஒரு கிழ மந்தி.

"உங்க பாட்டன் எப்படிச் செத்தாரு?" என்று கேட்டது பூவாத்தா.

"இருமித்தான். ஆனா பல்லு கடைசிவரைக்கும் கெட்டியா இருந்துச்சு."

வேர் விஷம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இப்படி ஆளுக்கொன்று சொன்னால் எப்படி? சான்று வேண்டாமா? உடனே ஆய்வுக் குழு அமைத்தார்கள். முதுகிலேயே பேனா முளைத்திருந்ததால் முள்ளம்பன்றி மாசிலாமணி எழுத்தரானது. தலைவர் பதவிக்குச் சிறுத்தை தர்மலிங்கம் விண்ணப்பித்தார். 'முன் அனுபவம்' என்ற இடத்தில், 'பலவகைப் பிராணிகளை உள்ளும் புறமும் பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அந்தத் தகுதி வேறு யாருக்கும் இல்லை. கிடைத்துவிட்டது.

ஆய்வு முறை எளியது. இருமல்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு வேர் கொடுக்கப்படும். தினமும் பொழுது சாயும்போது அவரவர் புதர் முன்னால் நின்று மூன்று தரம் இருமவேண்டும். தலைவர் பாறைமேல் கண்ணை மூடி எண்ணுவார். எந்த இருமல் பலமாகக் கேட்கிறதோ, அங்கே தாமே நேரில் போய்ப் பரிசோதிப்பார்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் இருமினார்கள். இரண்டாம் நாள் பதினொருவர். மூன்றாம் நாள் பத்து. தலைவர் பரிசோதித்த எவருக்கும் அதன்பிறகு இருமல் வந்ததே இல்லை.

பூவாத்தா தினமும் எழுத்தரிடம் வந்து அழுதது. "ஐயா, எனக்கும் ஒரு துண்டு வேர் குடுங்க. வாயில இலையத் திணிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன். எத்தன நாளைக்கு முடியும்?"

"பன்னிரண்டு பேருக்குத்தாம்மா அனுமதி. நீ பதிமூணாவது. காத்திருப்புப் பட்டியல்ல மொத ஆளே நீதான், சந்தோஷப்படு."

பதிமூன்றாம் நாள் அறிக்கை வாசிக்கப்பட்டது. 'வேர் உட்கொண்ட பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இப்போது இருமல் இல்லை. ஒருவரிடமிருந்தும் புகார் வரவில்லை. ஆகவே கரடிவணங்கி முற்றிலும் பாதுகாப்பானது.' காடே ஆரவாரம் செய்தது.

"குணமானவங்கள்ல ஒருத்தரையாவது பாக்க முடியுங்களா?" என்று கேட்டது பூவாத்தா.

"அதெல்லாம் நோயாளிகளோட அந்தரங்கம். வெளியே விடமாட்டோம்," என்றார் தலைவர், வயிற்றைத் தடவிக்கொண்டு. பிறகு, "விக்" என்றார்.

அன்று பூவாத்தாவுக்கும் ஒரு துண்டு வேர் கிடைத்தது. பொழுது சாயும்போது புதர் முன்னால் நின்று, விதிப்படி மூன்று தரம் இருமியது. தூரத்தில் "விக்" என்று கேட்டது. கொஞ்சம் கிட்டத்தில் "விக்" என்றது. பக்கத்து மரத்துக்குப் பின்னால் "விக்" என்றபோது பூவாத்தா சருகுக்குள் பாய்ந்துவிட்டது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. விக்கல் இரண்டு குன்று தாண்டிக் கேட்டது. தலைவர் வருகிறார் என்று எலிக்குஞ்சுக்குக்கூடத் தெரிந்தது.

பட்டினி தாங்காமல் தலைவர் பக்கவிளைவுப் படிவம் கேட்டு வரிசையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், மெல்லப் பயந்து வைத்திருந்த வேரைத் திருப்பிக் கொடுக்க வந்த பூவாத்தா நின்றது.

"மருந்து உட்கொண்ட தேதிங்க?" என்றது மாசிலாமணி.

"நான் உட்கொள்ளல."

"அப்புறம் பக்கவிளைவு எப்படிங்க வரும்?"

"உட்கொண்டவங்கள நான்..." என்று ஆரம்பித்த தலைவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். விக்கல் மட்டும் வெளியே வந்தது.

பூவாத்தாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தப் பன்னிரண்டு பேரையும் நினைத்து அழுகை வந்தது. அழுகையோடு இருமலும் வந்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் வரிசை வரிசைதான்.

"ஐயா, இவருதான் அவங்க அத்தன பேரையும் தின்னிருக்காரு!" என்று கத்தியது பூவாத்தா.

"இருக்கலாம்மா. ஆனா இந்தப் படிவத்துல அதுக்கு இடமில்லையே," என்றது மாசிலாமணி. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நிதானமாக எழுதியது: 'மருந்து உட்கொள்ளாத ஒருவருக்குக் கடும் விக்கல். உட்கொண்ட பன்னிரண்டு பேருக்கு விக்கல் இல்லை. ஆகவே கரடிவணங்கி விக்கலையும் தடுக்கும்.' தலைவருக்கு வேளைக்கு மூன்று வேர் பரிந்துரைத்தது. பாவம், அவர் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறார். விக்கல் நிற்கவில்லை.

"உனக்கு எப்படிம்மா, மருந்து வேலை செஞ்சுதா?" என்று பூவாத்தாவிடம் கேட்டது மாசிலாமணி.

பல்லே படாத வேரை மேசைமேல் வைத்தது பூவாத்தா. "ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க," என்றது. பிறகு ஓடைக்குப் போய், வாய்விட்டு நன்றாக இருமி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. எதிர்க்கரையில் "விக்" என்று கேட்டது.

நீதி: மருந்து பாதுகாப்பானதா என்று அதைச் சாப்பிட்டவரிடம் கேட்காதே, சாப்பிட்டவரைச் சாப்பிட்டவரிடம் கேள்.