இளைப்பாறுதல் பூச்சி ஒழிப்பு நிலையம்

மைக் அவன் கைக்கு வந்ததுதான் தாமதம், மூன்று குடும்பங்கள் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. பாட்டு முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"இந்த வாரம் கர்த்தர் எனக்கு மூணு வீடு குடுத்தார்," என்றான் அவன். "மூணு வீட்டுலயும் மூட்டைப்பூச்சி. மெத்தையில, கட்டில் இடுக்குல, ஒரு வீட்டுல சுவர்க் கடிகாரத்துக்குள்ள கூட. அத்தனையும் ஒழிக்க எனக்குப் பெலன் குடுத்தார். அவருக்கே நன்றி."

இப்படி நன்றி சொல்லும் சாட்சி முடிந்ததும் கூரை அதிர "ஆமென்" சொல்லும் சபை அது. அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இருநூறு பேரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். நடுப் பெஞ்சில் ஒருவர் முழங்கையைச் சொறிந்தார். அவ்வளவுதான், அவருக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் உட்காரலாம் என்கிற அளவுக்கு இடம் காலியானது. பாவம், அவருக்கு வெறும் வேர்க்குரு.

சபையில் அவனுக்குப் பெயர் பூச்சி. கல்லூரியில் பூச்சிகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கி வந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பட்டம் வாங்கியவர்களை முன்னால் நிறுத்தி ஜெபித்த அன்று போதகர் ஒரு வார்த்தை சொன்னார்: "வேலைக்குப் போறப்ப விசுவாசத்தை வீட்டுல பூட்டி வெச்சுட்டுப் போகாதீங்க. கூடவே கூட்டிக்கிட்டுப் போங்க."

மற்றவர்கள் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பூச்சி மட்டும் அங்கேயே நின்று, சபை அறியக் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்து ஒரு பொருத்தனை பண்ணினான். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறான். கர்த்தர் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சபை நடுவில் நின்று நன்றி சொல்வான்.

கேக் கடையோ தையல் கடையோ வைத்திருந்தால் இந்தப் பொருத்தனையால் ஒரு குறையும் வந்திருக்காது. அவன் வைத்தது 'இளைப்பாறுதல் பூச்சி ஒழிப்பு நிலையம்'. ஒரு ஸ்கூட்டர், ஒரு மருந்துப் பம்பு, ஒரு டார்ச். ஸ்கூட்டரின் முகப்பில், பார்த்தவர்கள் ஒரு வாரம் தூங்க முடியாத அளவுக்கு உயிரோட்டமாக வரைந்த மூட்டைப்பூச்சி ஒன்று.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவர் அவனுடைய சித்தப்பா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேலாளர்.

"ஆறு மாசம் தரேன்," என்று சொல்லியிருந்தார். "அதுக்குள்ள இருபது வீடு பிடிச்சுட்டா உன் வழியில போ. இல்லைன்னா எங்க ஆபீஸ்ல ஜன்னலோர நாற்காலி உனக்குத்தான். அப்புறம் பூச்சின்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது."

அப்பாவும் அதற்குச் சரி என்றுவிட்டார். இப்போது ஐந்து மாதம் கழிந்திருந்தது. மொத்தம் ஏழு வீடு. முதல் நாலும் எறும்புக் கேஸ். எறும்புக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. அந்தச் சாட்சிகளுக்கெல்லாம் ஆமென் தாராளமாகக் கிடைத்தது.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு அக்கா அவனைத் தூணோரமாக மடக்கினாள்.

"யாரு அந்த மூணு பேரு?"

"அக்கா, அது தொழில் ரகசியம்."

"எங்கிட்ட மட்டும் சொல்லு. ஜெபிக்கத்தான் கேக்குறேன்."

"பேரு சொல்லாமலே ஜெபிக்கலாமேக்கா."

"மொட்டையா ஜெபிச்சா எப்படிடா? சரி, பேரு வேண்டாம். எங்க பெஞ்சுல ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"இல்லைன்னும் சொல்லலையே," என்றாள் அக்கா. அந்தப் பதிலைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு சபை முழுக்க விநியோகம் செய்யக் கிளம்பினாள்.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று போன். மூன்று வீட்டாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"தம்பி, ரெண்டாவது தடவை மருந்தடிக்க வர வேண்டாம்."

"ஐயா, முட்டையிலேர்ந்து குஞ்சு பொரிச்சு வெளிய வரும். பதினஞ்சாம் நாள் மறுபடி அடிச்சாத்தான்..."

"பொரிச்சா பொரிக்கட்டும். கடிச்சா பொறுத்துக்கலாம். பேச்சைத்தான் பொறுத்துக்க முடியலை."

அடுத்த ஞாயிறு அவன் இதைச் சரிசெய்யத் தீர்மானித்தான். அந்தக் கோயிலில் எல்லாரும் உட்காருவது வலது பக்கம்தான். இடது பக்கம் ஃபேன் கிடையாது, காற்றே வராது, புழுங்கித் தள்ளும். மாதக்கணக்காக அங்கே ஓர் ஆள் உட்கார்ந்ததில்லை. ஆகவே யாரையும் காட்டிக்கொடுக்காத, பொய்யும் இல்லாத ஒரு வாக்கியத்தை அவன் வாரம் முழுக்க யோசித்துத் தயாரித்திருந்தான்.

"போன வாரம் நான் சொன்ன வீட்டுக்காரங்க யாருன்னு தேட வேண்டாம்," என்றான் மைக்கில். "அவங்க எல்லாரும் வலது பக்கம் உக்கார்றவங்க. அவ்வளவுதான்."

எல்லாருமே வலது பக்கம்தான் என்பது அவன் கணக்கு. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விஷயத்தை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தான்.

சபை எழுந்தது. அடுத்த பாட்டு முடிவதற்குள் இருநூறு பேரும் குடையும் குழந்தையுமாக இடது பக்கம் குடியேறிவிட்டார்கள். படகாக இருந்திருந்தால் கோயில் அன்றைக்குக் கவிழ்ந்திருக்கும். முதலில் ஓடியது அந்த மூன்று குடும்பங்கள்தான். கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் அண்ணன் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்ல ஓடி வந்தார். இடம் பிடிக்கும் அவசரத்தில் யார் காதிலும் விழவில்லை. வலது பக்கத்தில் மிஞ்சியது பூச்சியும் அவனைப் பெற்ற பாவத்துக்கு அம்மாவும் மட்டும்.

போதகர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"ஐயா, பொருத்தனையை நிறுத்திக்கலாமா?" என்று அவனே கேட்டான்.

"பொருத்தனை உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல இருக்கிற விஷயம். நான் குறுக்க வர மாட்டேன்," என்றார் போதகர். "ஆனா மைக் உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற விஷயம். இனிமே அரை நிமிஷத்துக்கு மேல பேசுனா ஒயரைப் பிடுங்கிருவேன்."

பத்து நாள் போனது. ஒரு வேலை வரவில்லை. சித்தப்பா போன் செய்து, ஜன்னலோர நாற்காலிக்குப் புதுக் குஷன் தைக்கக் கொடுத்திருப்பதாகத் தகவல் சொன்னார்.

பதினோராம் நாள், சபையின் பொருளாளர் போனில் வந்தார். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"தம்பி, எங்க வீட்டுலயும். போன வாரம் வரைக்கும் ஒண்ணும் இல்லப்பா, சத்தியமா. நாளைக்குச் சாயங்காலம் வா. ஆனா அந்த ஸ்கூட்டர் எங்க தெருவுக்குள்ள நுழையக் கூடாது. பம்பு கண்ணுல படக் கூடாது."

"பம்பை எதுல ஒளிச்சுக்கிட்டு வர்றது?"

அம்மாதான் வழி சொன்னாள். "உன் கிட்டார் பை சும்மாதானே கிடக்கு. அதுல போட்டுக்கோ. நீ வாசிச்சுக் கிழிச்சது போதும்."

அப்படியே போனான். பொருளாளர் மனைவி கதவை ஒரு சாண் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மெத்தையின் தையல், கட்டிலின் திருகாணி ஓட்டை, சோபாவின் அடிவயிறு என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்து மருந்தடித்தான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வாசல் மணி அடித்தது.

எதிர்வீட்டு அம்மா, கையில் வேதப் புத்தகத்தோடு. பின்னால் பாடகர் குழு அக்கா. அவளுக்குப் பின்னால் வரிசையாக ஒன்பது பேர்.

"கிட்டார் பையோட தம்பி உள்ள போறதைப் பார்த்தேன்," என்றாள் எதிர்வீட்டு அம்மா. "வீட்டுல ஜெபக்கூட்டம் வெச்சுட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

பொருளாளர் வழிவிட்டு விலகி நின்றார். "திடீர்னு... முடிவு பண்ணது..." என்றார்.

அவ்வளவு பேரும் சோபாவிலும் கட்டிலிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பூச்சி பம்பைப் பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன ஒரு வாசனை?" என்று மூக்கைச் சுருக்கினாள் அக்கா.

"புது... தரை துடைக்கிற மருந்து," என்றாள் பொருளாளர் மனைவி.

"சரி, ஒரு பாட்டு வாசிப்பா."

"கம்பி அறுந்துபோச்சுக்கா," என்றான் பூச்சி. தொழில் தொடங்கியதிலிருந்து அவன் சொன்ன முதல் பொய் அது. சொன்ன மாத்திரத்தில் காது சிவந்துவிட்டது.

கிட்டார் இல்லாமலே பாடினார்கள். மருந்தின் வீரியமோ பாட்டின் வீரியமோ, சோபாவுக்குள் ஒளிந்திருந்த கூட்டம் தாங்க முடியாமல் வெளியே கிளம்பியது. அதில் கொஞ்சம் பெரியவர் ஒருவர் சோபாக் கைப்பிடியில் ஏறி, அக்காவின் மடியில் இறங்கி, அவள் விரித்து வைத்திருந்த வேதப் புத்தகத்தின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு, ஒரு வரி விடாமல் படிப்பவர் போல நிதானமாக நடந்து போனார்.

பாட்டு பாதியில் நின்றது. அக்கா புத்தகத்தைப் பார்த்தாள், பூச்சியைப் பார்த்தாள், அவன் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பையின் ஓரத்தில் பம்புக் குழாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொருளாளர் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தத் தண்ணீர் டம்ளர்கள்தான் பூச்சியை உலுக்கிவிட்டன. வீட்டுக்குப் போனவன் ஸ்கூட்டரின் முகப்பிலிருந்த படத்தின் மேல் பெயிண்ட் அடித்தான். அம்மா கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு சாட்சி. திங்கட்கிழமை சித்தப்பா ஆபீஸ்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கை வாங்கியபோது போதகரின் கை ஒயர் பக்கத்திலேயே இருந்தது.

"நான் இங்க நின்னு நன்றி சொன்னதுல முக்கால்வாசி உண்மை," என்றான் பூச்சி. "கால்வாசி, தொழில் நல்லா ஓடுதுன்னு சித்தப்பா காதுல விழணும்னு சொன்னது. உங்க வீட்டுக் கஷ்டத்தை எனக்கு விளம்பரமாக்கிட்டேன். கிட்டார் பையில பம்பைக் கொண்டுபோய்ப் பொய்யும் சொன்னேன். வேலைக்கு விசுவாசத்தைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னாங்க. நான் அதை ஸ்கூட்டருக்கு முன்னால ஓட விட்டு ஹாரன் அடிச்சேன். மன்னிச்சிருங்க. நாளையிலேர்ந்து கடையை மூடுறேன்."

அரை நிமிஷம் தாண்டிவிட்டது. போதகர் ஒயரைப் பிடுங்கவில்லை.

பிறகு இடது பக்கத்தில் பாடகர் குழு அக்கா எழுந்தாள்.

"எங்க வீட்டுல நாலு நாளா யாரும் தூங்கலை," என்றாள். "நான் ஊரார் வீட்டையெல்லாம் நோட்டம் விட்டுக்கிட்டிருந்தேன். அது என் தலைகாணிக்குள்ளேயே குடும்பம் நடத்தியிருக்கு. தம்பி, என் பேரை முதல்ல எழுதிக்கோ."

அவ்வளவுதான். அணை உடைந்தது. "எங்க வீட்டுல பத்து நாளா," "எங்களுக்கு ரெண்டு வாரமா," என்று ஆளாளுக்கு எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சொறியலையெல்லாம் வெளிப்படையாகச் சொறிந்த அந்த நிம்மதியை இன்னதென்று சொல்ல முடியாது. போதகர் அங்கியை முழங்கால்வரை தூக்கிக் கடித்த தடிப்புகளைக் காட்டியபோது பொருளாளர் மனைவி முதல் முறையாகச் சிரித்தாள். மூன்று பழைய குடும்பங்களும் மறு மருந்துக்கு நாள் கேட்டன. கடைசியாகச் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஒரு வரி போட்டுக்கோ," என்றார். "வீட்டுக்கு ஒண்ணு. ஆபீஸ்ல அந்த ஜன்னலோர நாற்காலிக்கு ஒண்ணு."

நாற்பத்தொரு வீடு. பூச்சிக்கு நோட்டுத் தாள் போதாமல் போதகரின் பிரசங்கக் குறிப்பின் பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்து கோயில் காலியானது. மணியடிக்கும் அண்ணன் மட்டும் இடது பக்கத்துப் பெஞ்சுகளின் அடியில் மெல்லப் பெருக்கிக்கொண்டிருந்தார். பூச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனான்.

"பார்த்தீங்களா அண்ணே. அஞ்சு மாசம் அலைஞ்சு ஏழு வீடு. மூணே வாரத்துல நாற்பத்தொண்ணு. கர்த்தர் எப்படித்தான் இத்தனை கதவைத் திறந்தாரோ, எனக்குப் புரியவே இல்லை."

அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, அவன் காதருகே குனிந்தார்.

"இந்தப் பக்கத்துப் பெஞ்சு பூரா மூட்டைப்பூச்சி தம்பி, யாரும் வந்து உக்காந்துடக் கூடாதுன்னுதான் ஆறு மாசமா இங்க இருந்த ஃபேனை எல்லாம் நானே கழட்டி ஒளிச்சு வெச்சிருந்தேன்."